ஞானசௌந்தரி ஊட்டிய இரும்பு

நெரவியில் நடவுக்குப் போகிற பெண்களில் ஞானசௌந்தரியைப் போல வெயில் தின்றவள் கிடையாது. ஆனால் அவளைவிட அவள் புருஷன் தியாகராசன்தான் கறுத்துக்கொண்டே போனார். பூவம் ஊர்ப் பிராந்திக் கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பில் போடுகிற மனுஷனுக்கு வெயில் எங்கிருந்து வந்தது? வேலையும் அங்கேதான், குடியும் அங்கேதான். கேட்டால், "லேசா ஒரு வாய்" என்பார். அந்த வாய் எவ்வளவு பெரிசு என்று ஊருக்கே தெரியும்.

ஆள் சோர்ந்து படுத்ததும், கூட நடவு நடுகிற சௌந்தரவல்லி, "ரத்தம் செத்துப்போச்சுடி, ஈரல் வாங்கிப் போடு" என்றாள். பாவம், ஞானம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கூலி வாங்கிய கையோடு ஆட்டு ஈரல் வாங்கினாள். இரும்புச் சட்டியில் முருங்கைக்கீரை வதக்கினாள். இரும்புச்சத்து டானிக்கைக் குழந்தைக்குப் புகட்டுவது போலப் புகட்டினாள். அவருக்கு வயிறு வீங்கியதுதான் மிச்சம்.

காரைக்காலில் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் பஹீமா, "ஈரல்ல இரும்பு மண்டிக் கெடக்கு. டானிக்கையும் நிறுத்துங்க, குடியையும் நிறுத்துங்க" என்றார். தியாகராசன் காதில் முன்பாதிதான் விழுந்தது. "இவ ஆக்கிப் போட்டே என்னைச் சாகடிக்கப் பாத்தா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஞானமோ அதை நம்பியே விட்டாள். சட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். கீரையும் கறியும் அந்த வீட்டுப் படியேறவில்லை. இரும்பை நிறுத்தியாயிற்று, இனி என்ன பயம் என்று அவர் நிம்மதியாகக் குடித்தார். அந்த நிம்மதிக்கு நாலு அறை விட ஆளில்லை.

சில மாதம் கழித்து மறுபடி டாக்டரிடம் போனபோது இரும்பு குறையவில்லை. ஈரல் இன்னும் கெட்டிருந்தது.

"டாக்டரம்மா, நான் போட்ட சோறுதான் இவரைக் கொல்லுதா?" என்று கேட்டு ஞானம் அழுதாள்.

டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, அவளுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் இருவரையும் கூப்பிட்டார்.

"இத்தனை மாசமா ரெண்டு பேரும் ஒரே சோறுதானே சாப்பிட்டீங்க? உங்க உடம்புல இரும்பே இல்லம்மா. இவரு ஈரல்ல கொட்டிக் கெடக்கு. எவ்வளவு இரும்பை உள்ள விடணும்னு காவல் காக்கிறதே ஈரல்தான். தினம் குடிச்சா அந்தக் காவல் போயிடும். வர்றதெல்லாம் உள்ள புகுந்து, ஈரல்லயே தங்கி, அதையே அரிக்கும். இவரு தோல் கறுத்ததும் அந்த இரும்பாலதான். டானிக் கொஞ்சம் கூட்டியிருக்கும், அவ்வளவுதான். கதவைத் தொறந்து விட்டது குடி."

"இருந்தாலும் ஊட்டுனவ நான்தானேம்மா..." ஞானத்துக்கு மனசு ஆறவில்லை.

தலைகுனிந்திருந்த தியாகராசன் நிமிர்ந்தார். "அவளை அழ விடாதீங்க டாக்டரம்மா. அவ மேல எந்தத் தப்பும் இல்ல. குடிச்சவன் நான். நாளையிலேருந்து அந்தக் கடைக்கு நான் போவல."

இத்தனை வருஷத்தில் 'குடிச்சவன் நான்' என்று அவர் வாய் சொன்னது அன்றைக்குத்தான். குடியை அடியோடு விட்டால் ஈரல் ஓரளவு தேற வழியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். ஞானத்தின் காதில் அது ஏறவே இல்லை. புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, கொலைகாரி இல்லை என்று தீர்ப்பு வந்தவளாக, ஓவென்று அழுதுகொண்டிருந்தாள்.