ராஜாக்கள் சாகாத புத்தகம்

என் வீட்டுக்காரர் அந்தத் திங்கட்கிழமை மெஷினுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, போர்வையைத் தோளுக்கு மேல் இழுத்துக்கொண்டு சொன்னார். ஆயுசு முழுக்க அவரோடு குடித்தனம் செய்தவளுக்கு அந்த முதுகு பேசுவது புரியும். கெஞ்சினாலும் திரும்பாத முதுகு அது.

சர்க்கரை அவருக்கு முதலில் கண்ணை எடுத்தது. பிறகு கிட்னியை எடுத்தது. ரத்தத்தை வெளியே இழுத்துச் சுத்தம் பண்ணித் திரும்ப ஏற்றுகிற மெஷின் பெரம்பலூரில் இருக்கிறது. நாங்கள் இருப்பது அரியலூர்ப் பக்கம். திங்களும் வியாழனும் விடிந்ததும் கிளம்பினால், திரும்பிவர மாடு வீடு வந்து சேரும் நேரமாகிவிடும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு முன்பே சொல்லியிருந்தார்.

"ஒரு தடவ விட்டா எப்படியாச்சும் சமாளிக்கலாம்மா. அடுத்ததையும் விட்டுட்டா நெஞ்சுல தண்ணி கட்டிக்கும். அப்புறம் என் கையில இல்ல."

ஆக, திங்கள் போயிற்று. இருந்தது வியாழன் ஒன்றுதான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு புத்தகம். எகிப்து தேசத்துப் பழங்காலத்தைப் பற்றிய புத்தகம்.

அவர் லாரி ஓட்டியவர். சுரங்கத்திலிருந்து சிமெண்டுக் கம்பெனிக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிப்பார். ஒருநாள் பாடாலூர்ப் பக்கம் டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது, பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தில் பிரமிடின் படம் இருந்திருக்கிறது. எண்ணெய்க் காகிதத்தை நீவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். "இத்தன கல்லையும் எவன் லோடு ஏத்துனான், எவன் எறக்குனான்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? உலை கொதிக்கிற நேரத்தில் வந்து கேட்கிற கேள்வியா அது?

அன்றிலிருந்து நூலகம் நூலகமாக எகிப்துப் புத்தகம் தேடினார். அந்தக் கல்லும் சுண்ணாம்புக்கல்தான், அதிலும் நம்ம ஊர்க் கல் மாதிரியே சிப்பி ஒட்டியிருக்கும் என்று படித்த அன்றைக்கு, அவருக்குச் சொந்தக்காரன் வீடு கண்டுபிடித்த சந்தோஷம். கண் போனபிறகு அதெல்லாம் நின்றுபோனது. பேரப்பிள்ளைகள் எகிப்துக் கதையைப் போனில் போட்டுக் கொடுத்தார்கள். போன் பேசுகிற ஆள் ரயில் பிடிக்கப் போகிறவன் மாதிரிப் பேசினான், பின்னாலே மேளம் வேறு. "நிறுத்து, தலைய வலிக்குது" என்றுவிட்டார்.

"அப்ப நான் படிக்கறேன்" என்றேன்.

நான் மூன்றாவது வரை படித்தவள். அதைக் குறைவென்று நான் நினைத்ததில்லை. ஜெயங்கொண்டம் பஸ்ஸா, தா.பழூர் பஸ்ஸா என்று போர்டைப் பார்த்து ஏறுவேன், எவரையும் கேட்டதில்லை. இதையும் என் கையாலேயே எழுதுகிறேன். பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும்.

அரியலூர் நூலகத்துக்கு அவருடைய அட்டையை எடுத்துக்கொண்டு நானே போனேன். அங்கே இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"யாருக்கும்மா? ஸ்கூல் பிள்ளைக்கா?"

"என் வீட்டுக்காரருக்கு. நான் படிச்சுச் சொல்லணும். எழுத்து பெருசா இருந்தாத் தேவல."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். முதலில் குழந்தைகள் புத்தகம் ஒன்று கொடுத்தாள். எழுத்து நெல்லுமணி மாதிரி தனித்தனியாக இருந்தது, ஆனால் விஷயம் ஒரு பிடிதான். ஆறு, முதலை, ஒட்டகம், முடிந்தது. "இது எனக்குத் தெரிஞ்சதுதானே" என்றார் அவர். அடுத்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் பள்ளிப் புத்தகத்தில் ஒரு பாடம். அதில் பாடம் முடிந்ததும் கேள்வி கேட்டிருந்தார்கள். கோடிட்ட இடத்தை நான் படிக்க, அவர் படுத்தபடியே நிரப்பினார். ஒன்றும் தப்பவில்லை. நூலகத்தில் வழவழவென்று படமாக ஒன்று இருந்தது, அது முழுக்க இங்கிலீஷ். கடைசியில் கிடைத்தது பெரம்பலூர் நூலகத்துப் பெரிய புத்தகம், தமிழில் பெயர்த்தது. செங்கல் கனம். ராஜா, விவசாயம், சாமி, எழுத்து, சாப்பாடு, கல்யாணம், எல்லாம் அதில் இருந்தது. மேலட்டையில் துணி சுற்றிய மம்மி.

மெஷினுக்குப் போகிற நாளில் பஸ்ஸில் வைத்துப் படிப்பேன். வீட்டில் கட்டிலோரம் உட்கார்ந்து படிப்பேன். 'ஹ'வும் 'ஷ'வும் வந்தால் தொண்டை சிக்கும். அந்த தேசத்தில் அந்த எழுத்து இல்லாமல் ஒருத்தனுக்கும் பெயர் வைக்கவில்லை. அவர் பொறுமையாக இருப்பார். "மெதுவா, மெதுவா. அவன் ஓடிற மாட்டான்" என்பார்.

நான் ஒன்று செய்தேன். நோயாளி படுத்திருக்கிற வீட்டில் சாவு என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்த தெருவில் துக்கம் நடந்தாலும் அவர் காதில் படாமல்தான் போய் வருவேன். அதனால் புத்தகத்தில் அந்தச் சொல் வந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டேன். ராஜா செத்தான் என்றிருந்தால் தாண்டிவிடுவேன். கல்லறை என்றால் அரண்மனை என்பேன். இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்புவேன். எகிப்துப் புத்தகத்தில் சாவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. வெங்காயம் உரித்த மாதிரி ஆகிவிட்டது.

அவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் பஸ்ஸில் சிரித்தார்.

"ஏ புள்ள, ஒரு நாற்காலில எத்தன ராஜாடி உக்காந்திருக்கான்?"

"ஏன்? அவனவன் காலத்துல அவனவன்."

"பழசு எறங்காம புதுசு எப்படி ஏறும்? நீ படிச்சதுல இதுவரைக்கும் ஒருத்தனும் எறங்கல."

"ஊருக்குப் போயிருப்பாங்க."

"எல்லாப் பயலும் ஒரே ஊருக்கா?"

முன் சீட்டில் இருந்த பெண்பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துவிட்டேன்.

பிறகு தா.பழூரிலிருந்து அண்ணி வந்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா. தம்பியைப் பார்க்க நாலு இளநீரோடு வந்தவர், இளநீரே ஆகாது, தண்ணீரே அளவு என்றதும் அங்கேயே பாதி கோபமாகிவிட்டார். மீதிக் கோபத்துக்கு ஜன்னலில் இருந்த புத்தகம் அகப்பட்டது.

"என்னாடி இது?"

"எகிப்து புத்தகம் அண்ணி."

"பொணத்த வூட்டுக்குள்ள வச்சுக்கிட்டு இருக்கியே! என் தம்பி தலமாட்டுல! ஒனக்கு நெஞ்சு இருக்கா? இது வந்த நாள்லேர்ந்துதான் அவன் இளைச்சுப் போயிட்டான்."

"அதுக்கு முன்னாடியே இளைச்சுட்டாருங்க."

"வாயப் பாரு."

அண்ணி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டுக் கொட்டகையில் போட்டார். நான் தடுக்கவில்லை. உள்ளுக்குள்ளே எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையில் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் அந்த முதுகு.

"புத்தகத்த எடுத்துட்டு வா. நீ விட்டதெல்லாம் படி. படிச்சா வர்றேன்."

"எதையும் விடலைங்க."

"நான் முப்பது டன் லோடு அடிச்சவன்டி. வண்டில எவ்வளவு கொறையுதுன்னு உக்காந்த எடத்துலேர்ந்து சொல்வேன். புத்தகத்துல பாதியக் காணோம்."

"அதெல்லாம் இப்ப வேணாம். ஒடம்பு தேறட்டும்."

"தேறுமா?"

நான் கையிலிருந்த சட்டையை உதறி மடித்தேன்.

"பாத்தியா," என்றார். "டாக்டரு ஒன்ன வெளில கூப்புட்டுப் பேசுறாரு. அக்கா வாசல்ல நின்னு அழுவுது. எங்கிட்ட மட்டும் எல்லாரும் வெயிலப் பத்தியும் மழையப் பத்தியும் பேசுறீங்க. அந்தப் புத்தகம் ஒண்ணுதான் பேசுச்சு. அது வாயையும் நீ பொத்திட்ட."

செவ்வாய்க்கிழமை கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. புதன்கிழமை படுக்க முடியவில்லை. தலையணையை அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சை வாங்கினார். அண்ணி விபூதி பூசினார். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போய் என் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டுதல் வாயில் வரவில்லை. கொட்டகையில் கிடக்கிற புத்தகத்தை ஆடு தின்றிருக்குமோ என்ற நினைப்புதான் வந்தது. தின்றிருந்தால் என் மேல் குற்றமில்லை, படிக்கவேண்டிய தேவையில்லை. தின்றிருந்தால் அவர் மெஷினுக்கும் வரமாட்டார். ஆத்தா முன்னால் நின்று இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் போனாலும் அவர்தான் போகிறார்.

ஆடு அட்டையின் ஒரு மூலையை மட்டும் கடித்திருந்தது. துடைத்து எடுத்து வந்தேன். அண்ணி வாசலில் மறித்தார்.

"அந்த வார்த்தைய அவன் காதுல போடப் போறியா? நடந்துச்சுன்னா ஊரு ஒன்னத்தான் சொல்லும்."

"சொல்லட்டும் அண்ணி. வியாழக்கிழமையும் வுட்டா ஊரு சொல்றதக் கேக்க அவரு இருக்க மாட்டாரு."

நானே அதைச் சொல்லிவிட்டேன், நடு வாசலில், உரக்க. அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

வியாழன் விடிந்ததும் கட்டிலோரம் உட்கார்ந்தேன். விட்ட பக்கங்களைப் பிரித்தேன். 'இறந்தவரின் உடலை' என்று ஆரம்பித்தது. 'இ'யிலேயே நின்றுவிட்டேன். இ என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? அவர் என் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு படித்தேன்.

உடம்பை ஆற்றுத் தண்ணீரில் கழுவினார்கள். மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்தார்கள். அவர் "அடேயப்பா" என்றார். இடதுபக்கம் கீறி உள்ளே இருப்பதை எடுத்தார்கள். உப்பு மாதிரி ஒரு மண்ணைப் போட்டு மூடிக் காயவைத்தார்கள்.

"எனக்கு சோத்துல ஒரு கல்லு உப்பு கெடையாது. அவனுக்குப் பாரு, ஒடம்பு பூரா உப்பு."

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். எனக்குக் கண்ணில் எழுத்து கலங்கியது. துடைத்துவிட்டுப் படித்தேன். ஈரலுக்கு ஒரு ஜாடி. நுரையீரலுக்கு ஒரு ஜாடி. இரைப்பைக்கு ஒன்று. குடலுக்கு ஒன்று.

"கிட்னிக்கு?"

விரலை வைத்துத் தேடினேன். மேலேயும் கீழேயும் தேடினேன்.

"கிட்னிக்கு ஜாடி சொல்லலைங்க. நாலுதான் போட்டிருக்கு."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். இல்ல."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. நான் நெஞ்சைத் தடவிக்கொடுத்தேன்.

"அத ஒரு பொருட்டாவே நெனைக்கல பாரு. நம்மள இந்தப் பாடு படுத்துது." பிறகு, "நெஞ்ச என்ன பண்ணான்?" என்று கேட்டார்.

"நெஞ்ச எடுக்கலையாம். உள்ளயே வுட்டுட்டாங்களாம். மேல போனதும் தராசுல வச்சு எடை போடுவாங்களாம். ஒரு பக்கம் நெஞ்சு, ஒரு பக்கம் எறகு."

"எறகவிட பாரமா இருந்தா?"

"ஒரு மிருகம் தின்னுடுமாம். அதோட சரியாம். திரும்ப ஒண்ணும் கெடையாதாம்."

வாசலில் அண்ணி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"நான் செத்தா என்ன எரிப்பீங்களா, பொதைப்பீங்களா?"

ஆயுசில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

"உங்க அப்பாவப் பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துல," என்றேன். "ஆனா இன்னிக்கு இல்ல. இன்னிக்கு மெஷினுக்கு."

"சரி. ஆட்டோவுக்குச் சொல்லு."

வீங்கின காலில் செருப்பு ஏறவில்லை. செருப்பை என் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனேன். அண்ணி மறுபக்கம் பிடித்துக்கொண்டார். பெரம்பலூர் வருகிறவரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் மூச்சு நிற்கிறதோ என்று மூக்குக்கு நேரே கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு தடவை கையைத் தட்டிவிட்டார்.

அங்கே மெஷினில் போடுவதற்கு முன் ஆளை எடை போடுவார்கள், உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பார்க்க. நர்ஸ் பெண் முள்ளைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்னா தாத்தா இவ்வளவு ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க? திங்கக்கெழம ஏன் வரல?"

"வூட்டுல தகராறும்மா," என்றார் அவர். "இப்ப தீந்துச்சு."

டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, முதலில் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் பார்க்கவில்லையோ என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே இருந்தவர்கள் டிபன் டப்பாவைப் பிரித்தார்கள், எனக்கும் நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். எனக்காகத் திறக்கவில்லை. உள்ளே என்ன ஆகும், மறுபடி திங்கட்கிழமை என்று ஒன்று எங்களுக்கு வருமா, அப்போது எனக்குத் தெரியாது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது, எதைத் தாண்ட வேண்டும் என்று முன்கூட்டிப் பார்க்கவில்லை. வாய் சிக்குகிற பெயர்களை மட்டும் விரல் வைத்து, எழுத்தெழுத்தாக, கொஞ்சம் சத்தமாகவே சொல்லிப் பழகினேன்.