உபதேசியார் மறந்த இரண்டாவது அடி

என் வீட்டுக்காரர் உத்திரமேரூர் நெல் மண்டியில் அடுக்கி வைத்த மூட்டை அட்டியின் உச்சியிலிருந்து சரிந்து விழுந்து, முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்த வருஷத்தில், மானாம்பதிப் பக்கம் வைத்தியம் தெரியாத ஆள் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர்தான், காலில் உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, பொறுத்துப் பார்ப்போம் என்றார். மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னார். அடுத்து வந்தவர், எண்ணெய் பட்டால் இருக்கிற காலும் போய்விடும் என்றார். ஆரஞ்சுப் பழத்தோடு வந்த தூரத்து உறவுக்கார அம்மா ஒருத்தி, "பட்ட கால்லயே படும், கெட்ட குடியே கெடும்" என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டு, ஆறுதல் சொன்ன திருப்தியோடு பஸ் ஏறினாள்.

பழமொழி எனக்குச் சோறு மாதிரி. ஆனாலும் அந்த நாட்களில், "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்று யாராவது ஆரம்பித்தால் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். வைத்தவர் எந்த ஊருக்குப் போயிருக்கிறார், எந்த பஸ்ஸில் திரும்புவார் என்று கேட்கத் தோன்றும். இரண்டு பெண் பிள்ளைகள். அவர் எழுந்து நிற்காவிட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் எழும்போதும் படுக்கும்போதும் நினைப்பு.

கிறிஸ்தவம் எனக்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எடுத்த புடவை போல வந்தது. வேண்டும் என்றும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், வருவேன். அவர் படுத்ததும் அம்மா வீட்டிலிருந்து குங்குமமும் மஞ்சள் கயிறும் வந்தன. அதையும் பைபிளையும் ஒரே தலையணைக்கு அடியில் வைத்தேன். இந்த நேரத்தில் யாருடைய மனஸ்தாபமும் நமக்கு எதற்கு?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஞாயிறு என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். பாதியில் எழுந்து செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்க வசதியாக வாசல் ஓரம் உட்கார்ந்தேன்.

எங்கள் தகரக் கூரைக் கோயிலில் பாதிப் பேருக்கு எழுத்து வராது. அதனால் உபதேசியார் ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுப்பார், நாங்கள் வாங்கிப் பாடுவோம். அவர் பாட்டுப் புத்தகத்தைத் தொடமாட்டார். பாட்டு நெஞ்சில் இருக்கிறதாம். நெஞ்சில் இருந்தது வாய்க்கு வராத சமயமும் உண்டு. அப்போது கண்ணை மூடி, இரண்டு கையையும் உயர்த்தி, முதல் அடியையே இன்னும் உருக்கமாக எடுத்துக் கொடுப்பார். சபையோ, பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று கையைப் பலமாகத் தட்டும். டோலக் வாசிக்கிறவருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் தாளத்தை மெதுவாக்கி, உபதேசியாருக்கு யோசிக்க அவகாசம் கொடுப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. விழுந்தவனை விட்டுவிட்டுப் போகிறவர் அல்ல நீர் என்பதுதான் அந்த முதல் அடி. முதலில் அது வந்தபோது, விழுகிற நேரத்தில் எங்கே போயிருந்தீராம் என்று மனசுக்குள் சண்டை பிடித்தேன். திரும்ப வந்தது. வாய் பாட, மனசு மண்டிக்குப் போயிற்று. கூட வேலை செய்தவர்கள் அவரைக் கோணிமேல் கிடத்தி, கொஞ்சமும் அலுங்காமல் தூக்கி வந்தது கண்ணில் நின்றது. பிள்ளைகளுக்கு இத்தனை நாளாக யாரோ சோறு போட்டிருக்கிறார்களே என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பவும் அதே அடி. நான் இதுவரை என் வீட்டுக்காரரின் காலைத்தான் கேட்டிருந்தேன். கால் வராவிட்டாலும் எங்களை விட்டுவிட்டுப் போகாதவர் ஒருவர் இருக்கிறார் என்பது, யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. அழுதேன். பக்கத்தில் ஆவியில் ஆடிய அம்மா என் கால் விரலை மிதித்ததுகூட அப்புறம்தான் வலித்தது. உபதேசியார் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு 'ஆமென்' போட்டுக் கரையேறினார்.

ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய், அந்தப் பாட்டு என்னைத் தூக்கி நிறுத்தியது என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"ஆவியானவரு அந்த அடிய வுட்டு என்னை நவுர வுடலமா."

டோலக்கை உறையில் போட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "ஆமா, ரெண்டாவது அடி எங்க வந்துச்சி."

ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், படுத்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தார். "அந்தாளு மறந்துட்டாரு மே. எப்பவும் அந்த எடத்துலதான் மாட்டிக்குவாரு" என்றார்.

"மறந்தா மறந்துட்டுப் போறாரு. எனக்கு வேண்டியது அவ்ளோதான்" என்றேன். அவர் அந்த அடியை மெதுவாகப் பாடச் சொன்னார். பாடினேன். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை நிறுத்தினார்.

மாதங்கள் ஆயின. முதலில் கட்டை விரல் அசைந்தது, பிறகு கால் ஊன்றியது. மூட்டை தூக்க இனி முடியாது. மண்டியிலேயே எடை போடும் இடத்தில் உட்காரச் சொன்னார்கள். அதற்குள் அந்தக் காலுக்கு ஏகப்பட்ட சொந்தக்காரர்கள் முளைத்துவிட்டார்கள். அம்மா வீட்டில் மஞ்சள் கயிறு என்றார்கள். நல்லெண்ணெய்க்காரர் நல்லெண்ணெய் என்றார். உபதேசியாரோ, பாட்டு முடிந்த நிமிஷமே கால் வந்ததாக நான் சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார். போன வாரம் ஒருவர், காணாமல் போன ஆடு திரும்பியதற்கே பலத்த அல்லேலூயா வாங்கியிருந்தார். கால் என்றால் கூரையே அதிர வேண்டாமா?

அந்த ஞாயிறு சபையில் எழுந்து நின்றேன். "எனக்கு பயம் போனது கால் வர்றதுக்கு முன்னாலயே. கால் வராம இருந்தாலும் போயிருக்கும். அதத்தான் சொல்ல வந்தன்" என்றேன்.

ஓரிரண்டு அல்லேலூயா, அதுவும் மரியாதைக்கு. உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். ஆண்கள் பக்கத்தில், தடியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர்தான் சபையே கேட்கிற மாதிரி சொன்னார்:

"கால் வந்ததையும் கொஞ்சம் சேத்து சொல்லு மே. அவ்ளோ தூரம் நடந்து வந்து ஒக்காந்துகினு கீறன்."