எதிர்வீட்டு நாற்காலி

“...சண்டை போடுறதுன்னா உள்ள வந்து உக்காந்து போடுங்க டீச்சர். கேட்டப் புடிச்சிகினு நின்னா, நிமிந்து பாத்து பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது.”

சொன்னவர் எங்கள் பிளாக்கில் எதிர் குவார்ட்டர்ஸ்காரம்மா. சர்ச் ஞாயிறு பள்ளிக்கு நாங்கள் இருவர்தான் டீச்சர்கள். கிறிஸ்துமஸ் நாடகமும் எங்கள் தலையில்தான். மேய்ப்பர்கள் அவருக்கு, தேவதூதர்கள் எனக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் பிறந்ததும் அவர் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். சாயங்காலம் டீ போட்டதும் கேட்டைப் பூட்டிவிட்டு, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே, “அரை மணி நேரத்துக்கு டீச்சர் வூட்ல இல்லடா” என்பார். அந்தப் பேச்சை நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மேய்ப்பர்கள் ரோட்டைத் தாண்டி என் வீட்டுக்கு வர ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

என் அடுப்பில் முறுக்கு வேகும். கூடத்தில் அட்டைச் சிறகுகளுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருப்பேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் எதிரே ஸ்டூலின் மேல் இரண்டு கால்கள். அந்தக் கால்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். டீயை வேறு ஊதி ஊதிக் குடிப்பார். ஊதிக் குடிக்க ஒரு மனுஷிக்கு நேரம் இருக்கிறதே! நான் ஆறிப்போன டீயை நின்றபடி விழுங்குகிறவள்.

போதாக்குறைக்குப் போன ஞாயிறு போதகரின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “முகத்துல என்னவொரு சமாதானம்!” என்றார். என் பக்கம் திரும்பி, “கன்னத்துல பஞ்சு ஒட்டிக்கினு இருக்கு பாருங்க” என்றார். அந்தச் சமாதானத்துக்கு இடம் கொடுத்தது என் கூடம் என்று அவருக்கு யார் சொல்வது?

அன்றைக்கு ஒரு மேய்ப்பன் பசையை முறுக்கு மாவில் கவிழ்த்தான். அடுப்பை அணைத்தேன். பசை டப்பாவும் கையுமாக ரோட்டைத் தாண்டிப் போய், அவர் கேட்டைப் பிடித்து உலுக்கினேன். அப்போது சொன்னதுதான் அந்தக் கழுத்து வலி.

எழுந்து வந்து பூட்டைத் திறந்தார்.

“உங்க பசங்கள என் வூட்டுக்கு அனுப்பிட்டு நீங்க சொகுசா உக்காந்திருக்கீங்க!”

“நான் எங்க அனுப்பினேன்? நீங்க தொறந்து வெச்சிருக்கீங்க, அதுங்க வருதுங்க.”

பசை டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

“சரி, உங்களுக்கு இப்ப என்னதாங்க வேணும்?”

மேய்ப்பர்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “அந்த நாற்காலி” என்று வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. பசை டப்பாவை வாங்கிக் கீழே வைத்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தன் டீயை என் கையில் கொடுத்தார். பூட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். தேவதூதர்களையும் மேய்ப்பர்களையும் கிரவுண்டுக்கு விரட்டிவிட்டு, என் கேட்டைப் பூட்டினார். திரும்பி வந்து, பூட்டில்லாத தன் கேட்டைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.