எட்டரை மணி பஸ்

பயணக் கையேடு வாங்கலாமா என்று நண்பர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். போன ஊர்கள்தான் குறைவு.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல்நாள், பொன்முடி மலையின் மூடுபனியை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றாள் என் மனைவி. காலை ஏழு மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏன்னா, கிளம்பலாமே."

"பஸ் எட்டரைக்கு. புஸ்தகத்துல போட்டிருக்கு."

"டிப்போல கேட்டதுக்கு..."

நான் முடிக்க விடவில்லை. "அச்சடிச்சவனுக்குத் தெரியாதது டிப்போக்காரனுக்குத் தெரியுமாக்கும்!" என்று சொல்லிவிட்டு இரண்டாவது காப்பி குடித்தேன்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சிரித்தார். "ஸாரே, அது எட்டு மணிக்கே போயல்லோ. இனி மத்தியானம்தான்."

அவ்வளவு நேரம் காத்திருக்க அவளுக்குத் தெம்பில்லை. "திரும்பி வந்தப்பறம் போலாம்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை.

போன மாதம் பழைய பேப்பரோடு போட அந்தப் புத்தகத்தை எடுத்தேன். 'பொன்முடி, 8.30' என்ற அச்சுக்குப் பக்கத்தில் பென்சிலில் அவள் எழுத்து: "எட்டு மணி. டிப்போல போன் பண்ணிக் கேட்டாச்சு."

புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். கையேடு வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஓரத்தில் எழுத இடம் விட்டிருப்பார்கள்.