ஏழாம் நம்பர் ஆமை இன்னும் மேலே வரவில்லை

என் தோழி மாலதி காட்டுயிர் ஆய்வாளர். கோலார் தங்க வயலைச் சுற்றியுள்ள புதர்க்காட்டில், நட்சத்திர ஆமைகளின் ஓட்டில் ரேடியோ கருவி ஒட்டி, அவை எங்கெங்கே போகின்றன என்று வனத்துறை அனுமதியோடு கவனித்து வருகிறாள். "ஞாயித்துக்கிழமை பத்தாவது ஆமைக்கு ஒட்டப்போறேன், வா" என்றாள். ஆமைதானே, ஓட வேண்டியிருக்காது என்று நம்பி ஐப்பசி முதல் ஞாயிறன்று கிளம்பினேன்.

பெங்களூரில் ஆறு மணி பாசஞ்சர். டிக்கெட் முப்பது ரூபாய். எட்டே முக்காலுக்குத் தங்க வயலின் ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கினேன். மாலதி தினமும் வாடகைக்கு வைத்துக்கொள்ளும் ஆட்டோவோடு ஓட்டுநர் செல்வராஜ் காத்திருந்தார். ஆறு கிலோமீட்டருக்கு நூற்றிருபது ரூபாய்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் ஒன்பது ஆணிகள், எண் எழுதிய எட்டு சோடா மூடிகள்.

"இது இன்னாங்க?" என்றேன், ஊர் பாஷையை முயன்று.

செல்வராஜ் சிரித்தார். "டோக்கன் போர்டு அக்கா. சுரங்கத்துல கீழ எறங்குறவங்க ஆளுக்கொரு டோக்கன் எடுத்துக்கினு போவாங்க. மேல வந்தா திருப்பி மாட்டணும். ஆணி காலியா இருந்தா ஆளு இன்னும் கீழ கீறான்னு அர்த்தம். மேடம் ஆளுங்களுக்கும் ஒண்ணு வோணும்ல?"

காலையில் எந்த ஆமையின் சிக்னல் கேட்கிறதோ, அதன் மூடி ஆணியில் ஏறும். ஏழாம் ஆணி மூன்று நாளாகக் காலி.

காட்டில் எங்களுக்காகக் காத்திருந்த மாலதி பத்தாவது ஆமையைப் பிடித்து, ஓட்டைத் துடைத்து, புளியங்கொட்டை அளவுக் கருவியைப் பசையால் ஒட்டினாள். காயும்வரை பிடித்துக்கொள்ளும் பெருமை எனக்கு. அது என் சுடிதார் முழுக்க மூத்திரம் பெய்தது. செல்வராஜ் விழுந்து விழுந்து சிரித்தார்.

மாலதி மட்டும் சிரிக்கவில்லை. "ஏழாம் நம்பரை யாராவது திருடிட்டுப் போயிருந்தா? நான் ஒட்டின கருவியே அதைக் காட்டிக் கொடுத்திருந்தா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு, "சரி, சாப்பிடப் போலாம்" என்றாள்.

செல்வராஜ் ஆட்டோவை எடுக்கவில்லை. "டோக்கன் வராம வூட்டுக்குப் போறது இன்னா பழக்கம் மேடம்? எங்கப்பா டோக்கன் ஒரு வாட்டி நாலு மணி நேரம் வரல. அடுத்த ஷிப்டு ஆளுங்க தேடித்தான் கூட்டியாந்தாங்க. மேல சத்தம் இல்லன்னா அது கீழ கீது. வாங்க."

வெயிலில் ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு பொந்திலும் ஆண்டெனாவை நீட்டினோம். முள் கிழித்தது, பசி வயிற்றைக் கிள்ளியது, வாய்விட்டே புலம்பினேன். பன்னிரண்டே முக்காலுக்கு, மழையில் மண் சரிந்து வாய் மூடிய ஒரு பழைய கல் வடிகாலருகே, ரிசீவர் மெல்ல 'டிக்' என்றது.

மூவரும் கையால் தோண்டினோம். சேறு பூசிய முகத்தோடு ஏழாம் நம்பர் எட்டிப் பார்த்தது. மாலதி அழுதுகொண்டே சிரித்தாள்.

செல்வராஜ் சட்டைப்பையிலிருந்து மூடியை எடுத்து அவளிடம் கொடுத்தார். "மாட்டுங்க மேடம். ஷிப்டு முடிஞ்சிச்சி."

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் இரண்டு லிட்டர், செருப்பல்ல, காலை முழுதாக மூடும் ஷூ. மாற்று உடை கட்டாயம், காரணம் தெரியும். ஆமையைத் தொடாதீர்கள், விலைக்குத் தருவதாக யாராவது சொன்னால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அந்தக் காடு எந்தத் திசையில் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

ஊரிகத்தில் பலகை தொங்கும் ஆட்டோவில் ஏறினால் முதலில் ஆணிகளை எண்ணுங்கள். இப்போது பத்து. ஒன்று காலியாக இருந்தாலும், திரும்பும் ரயிலை மறந்துவிட்டு இறங்கித் தேடுங்கள்.