ஊத முடிவு செய்த நொடி

யாராலும் சரிபார்க்க முடியாத ஒரு பொய் உங்கள் பிழைப்பை உயர்த்தும் என்றால், நீங்கள் அதைச் சொல்வீர்களா, மாட்டீர்களா?

ஒரெஸ்ட் கோசாகெவிச்சுக்கு இதை யோசிக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. கனடாவில், சஸ்காட்சுவான் மாகாணத்தின் கோதுமை ஊர்களில் கீழ்நிலை லீக் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களுக்கு விசில் ஊதியே பதினொரு வருடம் ஓட்டியிருந்தான். பந்துக்குப் பதில் அடித்து ஆடும் ரப்பர் வட்டான பக் பட்டு இரண்டு முறை தாடையில் தையல் போட்டிருந்தார்கள். வயது முப்பத்தைந்து. மேல் லீக்கில் நடுவர் இடம் ஒன்றே ஒன்று காலி. அதற்கு ஆள் பார்க்க வந்த மேற்பார்வையாளர் கோர்ட் ஃபென்விக், அந்த ஞாயிறு மதியம் மேல் வரிசையில், மடியில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடிய நாற்பது நொடி. உள்ளூர் அணி ஒரு கோல் முன்னிலை. வெளியூர்க்காரன் அடித்த பக், கோல்கீப்பரின் கால்பேடுக்கு அடியில் போய் மறைந்தது. பக் கண்ணில் படவில்லை என்றால் நடுவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். விசில் உதட்டுக்கு வந்துவிட்டது. ஊதலாமா, இன்னும் ஒரு கணம் பொறுக்கலாமா என்று ஒரெஸ்ட் தடுமாறினான். அதற்குள் பக் நழுவி வலைக்குள் உருண்டது. அதன் பிறகுதான் விசில் ஒலித்தது.

விதி விசித்திரமானது. விசில் எப்போது ஒலித்தது என்பது கணக்கில்லை. நிறுத்துவதென்று நடுவர் மனதில் எப்போது முடிவு செய்தார் என்பதே கணக்கு; பக் வலைக்குள் போகும் முன்பே முடிவு செய்திருந்தால் கோல் இல்லை. மனதைப் படம்பிடிக்கும் கேமராவை இன்னும் யாரும் செய்யவில்லை.

விசிலை மட்டும் கேட்ட கூட்டம் கோல் இல்லை என்று அலறியது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர், கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாயைக் கூட்டி வந்திருந்தால் அதுவாவது பார்த்துச் சொல்லியிருக்குமே என்று கேட்டார். உள்ளூர் கேப்டன் சறுக்கிக்கொண்டு வந்து மூக்கருகே நின்றான்.

"ஊதிட்டேல்ல, ஒரெஸ்ட்? அப்புறம் என்ன யோசனை? கோல் இல்லன்னு கையை விரிச்சுக் காட்டிட்டுப் போ."

பத்து வருடமாக அவனோடு ஒரே காரில் ஊர் ஊராகப் போகும் துணை நடுவர் லைல், கேப்டனைத் தள்ளிவிட்டுக் காதருகே குனிந்தான்.

"பக் உள்ள போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டியா? ஆமான்னு மட்டும் சொல்லு. மேல ஒருத்தர் உக்காந்திருக்கார், தெரியும்ல?"

"இல்ல லைல். முடிவு பண்ணல. பதறிப்போய் ஊதிட்டேன்."

ஒரெஸ்ட் வலையை நோக்கிக் கை நீட்டினான். கோல். பீர் கோப்பைகளும் பாப்கார்னும் பனித்தளத்தில் வந்து விழுந்தன. கூடுதல் நேரத்தில் உள்ளூர் அணி தோற்றது.

உடைமாற்றும் அறைக்குள் ஃபென்விக் கதவைத் தட்டாமலே வந்தார்.

"சட்டமே உனக்கு வழி விட்டிருந்துச்சேய்யா. ஏன் அதுல போகல?"

"அப்படிச் சொல்லியிருந்தா அது பொய், சார்."

மேல் லீக்குக்கு உறுதியான ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இரண்டு வாரத்தில் அந்த இடம் வேறொருவருக்குப் போனது. தன்னைப் பற்றிய மதிப்பெண் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரெஸ்ட் கடிதம் போட்டுக் கேட்டான். அது ரகசியம், நடுவர்களுக்குக் காட்டுவதில்லை என்று பதில் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவனும் லைலும் பழைய ஊர்களுக்கே காரைக் கிளப்பினார்கள்.

ஆயிரம் பேர் முன்னால் தீர்ப்புச் சொல்கிறவனுக்குத் தன்மீதான தீர்ப்பைப் படிக்க உரிமை இல்லை. இது எந்த நியாயத்தில் சேரும்? உங்கள் ஊரில் எந்த ஆட்டம் நடந்தாலும் சரி, அதை நடத்தும் சங்கத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள்: நடுவரின் மதிப்பெண் தாளை அந்த நடுவருக்கே காட்டுங்கள், மறுத்துப் பேச இடம் கொடுங்கள் என்று. தயவுசெய்து இன்றே எழுதுங்கள்.