தையல்காரம்மாவின் சொந்த அளவு

தெருவில் யாருடைய தோளகலத்தைக் கேட்டாலும் தையல்காரம்மா தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார். அவர் உடுத்துவதோ, சரியாகத் தைக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் விட்டெறிந்துவிட்டுப் போன சட்டைகளை. பதினெட்டு வருடங்களாக அவருக்குச் சட்டைப் பஞ்சமே வந்ததில்லை; அது அவருடைய திறமைக்கு நல்ல சான்றிதழ் அல்ல என்பது வேறு விஷயம்.

தனக்கென்று ஆசையாக ஒரு நீலத் துணி வாங்கி இரண்டு வருடம் ஆயிற்று. அவசரம் என்று யார் வந்து நின்றாலும் அது அடுக்கின் அடிக்குப் போய்விடும். ஒருநாள் காலையில் பொறுமை போய்விட்டது. எழுந்து கடைக்கு வெளியே வந்து, வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, காலியாகக் கிடந்த தன் நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்.

"ரெண்டு வருஷமா இழுத்தடிக்கிறீங்களே, என்னைப் பாத்தா இளிச்சவாய் மாதிரி தெரியுதா?"

உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் பழக்க தோஷத்தில், தலை நிமிராமலே, "அளவுச் சட்டை கொண்டு வந்தீங்களாம்மா?" என்றார்.

தையல்காரம்மா குனிந்து தன்னைப் பார்த்தார். போட்டிருந்தது டீச்சரின் அளவு. வீட்டுக் கொடியில் காய்வது வங்கியில் வேலை பார்க்கும் அம்மாளின் அளவு.

"என் அளவுல ஒண்ணுகூட இல்லையே," என்றார்.

கணவர் நிமிர்ந்தார். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுத்தார்.

"நேரா நில்லு. வயித்தை எக்காத."

"கஸ்டமர்கிட்ட பேசுற பேச்சா இது?"

"வயித்தை எக்காதீங்க மேடம்."

மாலைக்குள் சட்டை தயார். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார். அக்குளில் எதுவும் பிடித்து இழுக்கவில்லை. நம்ப முடியாமல் இரண்டு கைகளையும் உயர்த்தியபடியே தெருவுக்கு வந்தார். அந்த வழியாக வந்த பேருந்து கிறீச்சிட்டு நின்றது.

"சீக்கிரம் ஏறுங்கம்மா!" என்றார் கண்டக்டர்.

"நான் எங்கயும் போகல தம்பி. கை நல்லா தூக்க வருது, அதான் தூக்கிப் பாக்கறேன்."